பதினோரு மணி நேரத்தில் வராத நாத்தனார்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெரம்பலூரில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு கடைச் சாமான் சீட்டைத் தவிரப் பெரிதாக எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசவும் வராது. எழுத உனக்கு என்ன வந்தது என்று கேட்டால் சொல்லப் பதில் இல்லை. ஆனால் என் சித்தப்பா போனில் பேசினால் நடுவில் நுழைய இடம் கிடைக்காது. காகிதத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற சொந்தக்காரர்கள் படித்தால் நல்லது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று வியாழக்கிழமை. நேற்று சாயங்காலம் மெல்போர்னில் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோது சித்தப்பா கூப்பிட்டார். அப்பாவின் கடைசித் தம்பி. அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக் காரியங்களுக்கு அவர்தான் பெரியவர்.

"மலரு, நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை கல்லங்குறிச்சிக் கோயில்ல ஒரு பரிகாரம் வச்சிருக்கேன். கனகாவுக்குப் புதுக் கயிறு மாத்தி, நல்ல நேரத்துல சுமதிய விட்டு ரெண்டு முடிச்சும் முடிஞ்சுடலாம்னு."

கனகா என் தம்பி சேகரின் மனைவி. சுமதி சித்தப்பாவின் மகள்.

"எதுக்குங்க சித்தப்பா?"

"எதுக்கா? கல்யாணம் ஆயி வருஷம் ஒண்ணாவப் போவுது. வூட்டுல ஒரு நல்ல சேதி இல்ல. நீ முடிஞ்சது எமகண்டத்துல. நான் சொல்லல, ஊரே சொல்லுது."

"அந்தக் கயிறத்தான் போன ஆடிப்பெருக்குக்கே மாத்தியாச்சுங்களே."

"கயிறு மாறும்மா. நேரம் மாறுமா? நீ வரணும்னுகூட இல்ல. சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாத்தனாரு மனசு கோணக் கூடாது பாரு."

"பார்க்கலாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். அந்தப் 'பார்க்கலாங்க'வுக்காக என்னை நானே திட்டிக்கொண்டு ராத்திரிச் சோறு வடித்தேன்.

ஆமாம், எமகண்டத்தில்தான் முடிந்தேன். எப்படி அந்த நேரத்துக்கு வந்து நின்றேன் என்பதை யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்கிறேன்.

2

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் போட வேண்டும். அதுதான் நாத்தனார் முடிச்சு. சொந்த அக்கா தங்கை இல்லாதவனுக்குச் சித்தப்பா மகள், பெரியப்பா மகள் போடுவாள். அதில் குற்றம் எதுவும் இல்லை.

சேகருக்கு நான் ஒரே அக்கா. அம்மா போனபோது அவன் ஒன்றாம் வகுப்பு. அவனுக்குத் தலை சீவி விட்டது, காய்ச்சலில் பக்கத்தில் படுத்தது எல்லாம் நான்தான். நான் கல்யாணமாகிப் போகும்போது அவன் அழவில்லை. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டரில் ஏறி ஆலை வரைக்கும் போய், ராத்திரிதான் வீட்டுக்கு வந்தானாம்.

என் வீட்டுக்காரர் சமையல்காரர். முதலில் மலேசியா, அப்புறம் ஆஸ்திரேலியா. நான் மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தின் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, துண்டு, மேலங்கி. எல்லாவற்றையும் மிஷினில் போட்டு, எடுத்து, மடித்து, வண்டியில் அடுக்க வேண்டும். காதில் மிஷின் சத்தம் ஓடும். சாப்பாட்டு நேரத்தில் வெளியே நின்று ஊருக்குப் போன் பேசுவேன். ஏழு வருஷம் அந்தச் சாப்பாட்டு நேரத்தில் நான் பேசியது ஒரே விஷயம்தான். சேகருக்குப் பெண்.

விவசாயிக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "பையன் என்ன பண்றாரு?" "கரும்பு போட்டிருக்காங்க." "அது சரிங்க, வேலை என்ன பண்றாரு?" இப்படித்தான் எல்லாப் பேச்சும் முடியும். துணியை மடிப்பது போலப் பேச்சையும் மடித்து வைத்துவிட்டு அடுத்த நம்பரைப் போடுவேன். வாய் பேச வராத நான், முகம் தெரியாத முப்பது நாற்பது வீட்டுப் பெரியவர்களிடம் பேசியிருப்பேன்.

கனகா அரியலூர்ப் பக்கம். பெரம்பலூரில் ஒரு சிமென்ட் ஏஜென்சியில் பில் போடும் வேலை. அவளும் முப்பது தாண்டியவள். போனில் முதல் பேச்சிலேயே என்னிடம் கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேங்க. உங்க தம்பிக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க." கேட்டேன். "அவங்க போவட்டும்க்கா, நான் மாட்டேன்னு சொன்னேனா?" என்றான். அன்றைக்குத்தான் அவன் குரலில் சிரிப்பைக் கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா இறந்தபோது நான் போய்ச் சேரவில்லை. வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். வெயில் தாங்காது என்று எடுத்துவிட்டார்கள். நான் போட வேண்டிய வாய்க்கரிசியைச் சுமதி போட்டாள். நல்ல மனசோடுதான் போட்டாள், அழுதுகொண்டே போட்டாள். எனக்குப் பதிலா. அந்த வார்த்தையைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை. இருபது வருஷம் வெளியில் இருந்தால் காதுகுத்து, சடங்கு, சாவு என்று எல்லாவற்றிலும் நம் இடத்தில் யாரோ நிற்பார்கள். ஒன்றாவது என் கையால் நடக்க வேண்டும் என்று இருந்தேன். இந்த இரண்டு முடிச்சு.

3

போன வருஷம் ஆனி மாதம் பெண் வீட்டார் சரி என்றார்கள். ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது. ஆவணி வரை விட்டால் யாராவது ஏதாவது சொல்லிக் கலைத்துவிடுவார்கள் என்று இரண்டு வீட்டுக்கும் பயம். ஆனியில் மிச்சம் இருந்தது இரண்டு முகூர்த்தம். ஒன்று ஞாயிறு, இன்னொன்று அடுத்து வந்த புதன்.

எனக்கு லீவு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மேல்தான். அதனால் புதன் வையுங்கள் என்றேன். சித்தப்பா ஞாயிறு என்றார்.

"ஞாயித்துக்கிழமைன்னா எல்லாருக்கும் லீவு. நீ ஏன் பயப்படற? போன்ல போட்டுப் பார்த்துட்டேன். திருச்சி ஏர்போர்ட்டு டு மெல்போர்ன் ஏர்போர்ட்டு. தூரம் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். நேரம் பதினோரு மணி நேரம். நீ வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறுனீன்னா சனிக்கிழமை விடியக் காலைல வந்து நலங்குல உக்காரலாம்."

"நேரா ப்ளைட்டு கிடையாதுங்க சித்தப்பா. மாறித்தான் வரணும்."

"இல்லாத ப்ளைட்டுக்கு எவனாவது நேரம் போடுவானா? நாங்க பழனிக்குப் பஸ்சுல போயி மொட்டை போட்டுட்டுத் திரும்பற நேரம்மா அது. என்னமோ சந்திர மண்டலத்துலேருந்து வர்ற மாதிரி சொல்றியே."

 அவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியும் வைத்தார். பெரிய எழுத்தில் தூரமும் நேரமும் பளிச்சென்று இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. என் மகள் தாரணியிடம் காட்டினேன். அவளுக்குப் பதினாறு வயசு. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் ஊரை அவள் 'உங்க ஊர்' என்றுதான் சொல்வாள். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது ப்ளைட் இல்ல. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல ஒரு நேர்கோடு போட்டு, ப்ளேன் வேகத்தால வகுத்திருக்காங்க. அந்தக் கோட்டுல யாரும் பறக்கல. பறவைகூடப் பறக்குமான்னு தெரியல."

"இதைத் தாத்தாகிட்டச் சொல்லு."

அதுதான் நான் செய்த பிசகு. அவளுக்கு என்மேல் பாசம் வந்த நேரம் அது. போனை வாங்கித் தமிழிலேயே பேசினாள்.

"சின்னத் தாத்தா, நீ சொல்றது தப்பு. அந்த ப்ளைட் இல்ல. நீ பாத்தது வெறும் கணக்கு."

 அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா, "நீயா? பாப்பா, உங்கம்மா மரியாதை சொல்லிக் குடுக்கலையா?" என்று கேட்டார். தாரணி முழித்தாள். "நான் என்ன கெட்ட வார்த்தை சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

அதோடு கணக்கு அடிபட்டுப் போனது. பெரியவரை 'நீ' என்று பேசிய பிள்ளையின் வீட்டார் புதன்கிழமை என்று எந்த வாயால் கேட்பது? நான்தான் மன்னிப்புக் கேட்டேன். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை ஏழரை ஒன்பது முகூர்த்தம் என்று பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

இப்போது சொல்கிறேன். என் மகள் மரியாதையில் தப்பு செய்தாள். கணக்கில் செய்யவில்லை.

4

லீவு கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனுஷி. வெள்ளைக்காரி, என் வயசுதான் இருக்கும். தம்பி கல்யாணம் என்றதும் சந்தோஷப்பட்டாள். அத்தனை அவசரமாக நீதான் போக வேண்டுமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "என் தம்பி பெண்டாட்டியை நான்தான் கட்ட வேண்டும், மூன்றில் இரண்டு கட்டு என்னுடையது" என்று விளக்கினேன். அவள் முகம் மாறிவிட்டது. கட்டாவிட்டால் அந்தப் பெண் ஓடிவிடுவாளா என்று மெதுவாகக் கேட்டாள். மடித்து வைத்திருந்த மேலங்கியின் நாடாவை என் கழுத்தில் சுற்றி முடிந்து காட்டிய பிறகுதான் புரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். தன்னுடைய ஷிப்டையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தாள்.

இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டதால் நம் நாட்டுக்கு வர நான் விசா எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் தாரணிதான் நிரப்பினாள். வரும் காரணம் என்ன என்று கேட்டிருந்தது. சுற்றுலா, வியாபாரம், மருத்துவம் என்று வரிசையாக இருந்தது. முடிச்சுப் போட என்று இல்லை. "டூரிஸ்ட்டுன்னு போடட்டுமா?" என்றாள். போடு என்றேன். எந்த ஏர்போர்ட்டில் இறங்குவீர்கள் என்றதற்குத் திருச்சி என்று போட்டாள்.

"நீயும் வர்றியா?" என்று கேட்டேன்.

"எனக்கு அங்க யாரையும் தெரியாதும்மா. பரீட்சையும் இருக்கு." அப்புறம் அவளே கேட்டாள். "வேற யாராவது போட்டா அந்த முடிச்சு அவிழ்ந்துடுமா?"

"அவிழாது."

"அப்புறம் ஏன்?"

"நான் கட்டினதா இருக்காது."

 அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புறப்படும்போது என் போனில் விமானம் எங்கே பறக்கிறது என்று பார்க்கும் வசதியை வைத்துக் கொடுத்தாள். என் போன் எங்கே இருக்கிறது என்று தன் போனில் பார்க்கவும் ஒரு வசதி வைத்துக்கொண்டாள்.

5

மெல்போர்னிலிருந்து கோலாலம்பூர், அங்கே மாறித் திருச்சி. எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தால் சனிக்கிழமை உச்சிக்குள் திருச்சியில் இறங்கியிருப்பேன். நலங்கு தப்பினாலும் தாலிக்குத் தப்பாது.

மெல்போர்னில் விமானத்தில் ஏற்றி உட்கார வைத்து, ஏதோ பழுது என்று இறக்கி, விடிந்த பிறகு திரும்ப ஏற்றினார்கள். கோலாலம்பூரில் இறங்கியபோது திருச்சி விமானம் போய்விட்டிருந்தது. அடுத்ததில் இடமில்லை. ஆனி மாதக் கடைசி ஞாயிறு. மலேசியாவில் இருக்கிற நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஊரில் கல்யாணம் போலிருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அழுதேனா, கெஞ்சினேனா என்று நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையில் இறங்குகிற விமானத்தில் ஓர் இடம் இருக்கிறது என்றாள். கொடுங்கள் என்றேன். பேசத் தெரியாதவள் என்று என்னைச் சொல்கிறவர்கள் அந்தக் கவுண்டரில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

சித்தப்பாவின் கோட்டில் நான் போயிருந்தால் எந்நேரமோ இறங்கியிருப்பேன். நான் போன பாதை வேறு. ஏர்போர்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தை எந்தப் பக்கத்திலும் யாரும் போட்டு வைப்பதில்லை.

சென்னையில் இமிக்ரேஷன் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "திருச்சின்னு போட்டிருக்கீங்க, சென்னைல எறங்கிருக்கீங்க. டூரிஸ்ட்டா? என்ன சுத்திப் பார்க்கப் போறீங்க?"

"கல்யாணங்க சார். நான் நாத்தனார். ஏழரைக்கு முகூர்த்தம்."

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டக்கென்று முத்திரை குத்தி, "போங்கம்மா, போங்க, ஓடுங்க" என்றார்.

ஓடிப் போய் நின்றால் பெட்டி வரவில்லை. பட்டுப்புடவை, கனகாவுக்கு வாங்கிய வளையல் எல்லாம் அதில்தான். கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டதாம். எழுதிக் கொடுத்துவிட்டு, மெல்போர்ன் குளிருக்குப் போட்டிருந்த பேண்ட்டும் ஸ்வெட்டரும் ஷூவுமாக வெளியே வந்து டாக்சி பிடித்தேன். டிரைவர் தம்பி, "கள்ளக்குறிச்சியாக்கா?" என்றார். "கல்லங்குறிச்சி. அரியலூர்ப் பக்கம். வரதராசப் பெருமாள் கோயில்" என்று மூன்று தடவை சொல்லி ஏறினேன்.

6

திண்டிவனம் தாண்டும்போது மணி ஒன்பது ஆகியிருந்தது. முகூர்த்தம் முடிந்துவிட்டது. போன் செய்ய மனசு வரவில்லை. சேகரே கூப்பிட்டான்.

"எங்கக்கா இருக்க?"

"திண்டிவனம் தாண்டிட்டேன்டா. முடிஞ்சிருச்சா?"

"ஒண்ணு முடிஞ்சிருச்சுக்கா."

எனக்குப் புரியவில்லை. "ஒண்ணுன்னா?"

"ஒரு முடிச்சு. என்னோடது. மீதி ரெண்டு அப்படியே இருக்கு. நீ மெதுவா வா." வைத்துவிட்டான்.

நடந்ததைப் பிற்பாடு சுமதிதான் எனக்குச் சொன்னாள். கோயிலில் அன்றைக்கு ஜோடிகள் வரிசையில் நின்றார்களாம். சேகர் முறை வந்தது. சுமதி எனக்குப் பதிலாகப் பின்னால் விளக்குப் பிடித்து நின்றாள். சேகர் ஒரு முடிச்சுப் போட்டான். போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"சுமதி, ம், முடி" என்றார் சித்தப்பா.

"வேணாம்" என்றான் சேகர். "அது அக்காவோடது. அக்கா வரும்."

"வரும்னா எப்ப வரும்? முகூர்த்தம் போவுதுடா. சுமதி, நீ முடி."

சுமதி என்ன சொன்னாள் தெரியுமா? "கையில விளக்கு இருக்குப்பா. எதால முடியறது?" விளக்கை வாங்கிக்கொள்ள நாலு கை நீண்டதாம். அவள் கொடுக்கவில்லை. "அண்ணன் வேணாங்குதுல்ல" என்று நின்றுவிட்டாள். அவள்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் கோபம் இருந்ததில்லை. அன்றிலிருந்து அவள் என் தங்கை. இதை அவளும் படிக்கட்டும்.

ஐயர் அடுத்த ஜோடி நிற்கிறது என்றார். பெண் வீட்டில் அழுகை கிளம்பிவிட்டது. ஒரு முடிச்சோடு பெண்ணை எப்படி எழுப்புவது? அவிழ்ந்து விழுந்தால் எவ்வளவு பெரிய அபசகுனம்? அப்போது கனகா இடது கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் அந்த முடிச்சைப் பிடித்தாளாம்.

"நான் புடிச்சிக்கிறேன். எழுந்திரிங்க, அடுத்தவங்க உக்காரட்டும்" என்றாளாம்.

கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாலையோடு நிற்கிற படம், கோயிலைச் சுற்றுகிற படம், பக்கத்து மண்டபத்தில் சாப்பிடுகிற படம் எல்லாவற்றிலும் கனகாவின் இடது கை கழுத்துக்குப் பின்னால்தான் இருக்கும். கழுத்து சுளுக்கா என்று கேட்காதவர்கள் இல்லை. பந்தியில் ஒரு பெரியவர், "கல்யாணம் ஆச்சா ஆவலையான்னு தெரியாமயே பாயாசம் குடிச்சிட்டோமே" என்றாராம். "ஆவலைன்னா இலையில திருப்பி ஊத்திருங்க மாமா" என்றாளாம் கனகா.

ஊரில் என்ன நடக்கிறது என்று மெல்போர்னிலிருந்து ஒருத்தி நிமிஷத்துக்கு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தாரணிதான். அவள் மாமாவுக்குத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பியதைச் சேகர் எனக்குக் காட்டினான். "அம்மா இப்போ விழுப்புரம். ப்ளீஸ் வெயிட் பண்ணுங்க மாமா." 'பண்ணுங்க' என்று இருந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

7

அரியலூருக்குள் நுழையும் இடத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் தம்பி என்னென்னவோ செய்து பார்த்தார். மண்டபத்து வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஸ்வெட்டரோடு என்னைப் பார்த்ததும் இலையில் இருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. இத்தனை கண்ணும் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தது என் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

"வந்துட்டியாம்மா" என்று சித்தப்பா எழுந்து வந்தார். அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். "சரி, போயி முகம் கழுவிப் புடவை மாத்திட்டு உக்காரு. எமகண்டம் நடக்குது. ஒண்ணரைக்கு மேல முடியலாம்."

"பெட்டி வரலீங்க சித்தப்பா. புடவை இல்ல."

"சுமதி புடவையக் கட்டிக்க. அவசரம் என்ன? இவ்வளவு நேரம் பொறுத்தாச்சு."

அதற்குள் கனகா எழுந்து வந்துவிட்டாள். போட்டோவில் மட்டும் பார்த்திருந்த பெண். பின்னால் போயிருந்த முழங்கை அப்படியே நின்றது. முகத்தில் வியர்வை.

"காலைலேருந்து உங்க எல்லாருக்காகவும் புடிச்சிட்டு நின்னேன்" என்றாள் சித்தப்பாவிடம். "இனி எமனுக்காகவும் நிக்கணுமா?" என் பக்கம் திரும்பி முதுகைக் காட்டினாள். "அண்ணி, கை மரத்துப் போச்சு. இறுக்கி முடிங்க."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவர் பேச்சை மீறியதில்லை. அவர் தலையை வேண்டாம் என்று ஆட்டினார். சேகர் அந்த விளக்கைத் திரும்ப ஏற்றிச் சுமதி கையில் கொடுத்தான்.

கயிறு வியர்வையிலும் மஞ்சளிலும் ஊறிக் கனகாவின் விரல்களோடு ஒட்டியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. இரண்டாவது முடிச்சுப் போட்டேன். மூன்றாவது போட்டேன். மேளக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எச்சில் கையோடு எழுந்து நின்றார், வாசிக்கவில்லை. யாரோ ஒரு அம்மா மட்டும் குலவையிட்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். கனகா கையை இறக்கப் பார்த்தாள், இறங்கவில்லை. சுமதி விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் போட்டு நீவி விட்டாள்.

8

இதுதான் நடந்தது. எமகண்டத்தில், பேண்ட் போட்டுக்கொண்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் முடிந்த முடிச்சு. எல்லாம் உண்மை. எதையும் மறைக்கவில்லை.

அந்த இரண்டு முடிச்சும் மூன்று வாரம்தான் இருந்தது. ஆடிப்பெருக்குக்குப் புதுக் கயிறு மாற்றினார்கள். பழையதை ஆற்றில் விட்டுவிட்டார்கள். ஒரு குழந்தை பிறக்கவில்லை என்பதற்கு ஆற்றோடு போன கயிற்றைக் குற்றம் சொல்கிறீர்கள். அந்த நேரம் கெட்ட நேரம் என்றால், ஒரு மனுஷி காலையிலிருந்து உச்சி வரை கையை இறக்காமல் நின்றாளே, அந்த நேரத்தை எந்தப் பஞ்சாங்கத்தில் பார்ப்பது? சித்தப்பா, உங்கள்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் பதினோரு மணி நேரம் என்று போனில் பார்த்தீர்கள், நம்பினீர்கள். எமகண்டம் என்று காலண்டரில் பார்க்கிறீர்கள், அதையும் நம்புகிறீர்கள். நடுவில் நாங்கள் நின்றதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை.

சரி என்று என்னால் சொல்ல முடியாது. கழுத்து கனகாவுடையது. அவள் மாற்றிக்கொள்ள நினைத்தால் மாற்றிக்கொள்ளட்டும், எனக்கு வருத்தம் வராது. நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எனக்காகப் பேசுவாள் என்று பயம். ஆனால் நாத்தனார் சம்மதித்தாள் என்று என் பெயரைச் சொல்லி அதைச் செய்யக் கூடாது. எனக்குப் பதிலா இன்னொரு தடவை யாரும் முடிய வேண்டாம்.

இவ்வளவையும் எழுதிவிட்டுச் சித்தப்பாவுக்கு ஒரே வரி அனுப்பினேன். "எனக்குச் சம்மதம் இல்லீங்க."  அவர் பார்த்துவிட்டார் என்று நீலக் கோடு வந்தது. 

இதை மறுநாள் சேர்த்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு யாரும் போகவில்லை என்று சுமதி சொன்னாள். கனகா எட்டு மணி பஸ்சுக்குப் பெரம்பலூருக்கு வேலைக்குப் போனாள்.